நான்கு கட்டத்துக்குள்

கழக்கூட்டம், திருவனந்தபுரம்
9-6-2024

அன்புள்ள மச்சினன் அழகியநம்பிக்கு,

அத்தான் வினீத் எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆபீசில் பாதிப் பேருக்குச் சளி, எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை. நாகர்கோவிலில் மாமாவின் முட்டுவலி தேவலையா, அத்தை சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று எழுது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். "பீரங்கி பத்தில் இரண்டு தடவைதான் குறியில் விழும், எட்டு தடவை தப்பும். அதனால் பாலத்தில் ஆறு பேரையும் நெருக்கி நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன் எழுதுகிற எழுத்தா இது?

நான் உன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடமாக இந்தப் பொம்மைப் போரைத் தபாலில் நடத்துகிறோம். சட்டம் இன்னும் உனக்குப் பாடமாகவில்லை. கேள். குறித்த நாளின் கேரள லாட்டரி முதல் பரிசு எண்தான் நமக்குப் பகடை. அதில் நீயும் ஏமாற்ற முடியாது, நானும் ஏமாற்ற முடியாது. கடைசி இலக்கம் பூஜ்யம் அல்லது ஒன்பது என்றால் குண்டு நேராகக் குறியில் விழும். ஒன்று முதல் எட்டு என்றால் எட்டுத் திசைகளில் ஒன்றில் விலகும். அதற்கு முந்தைய இலக்கம் ஐந்துக்குக் கீழே என்றால் ஒரு கட்டம் விலகல், இல்லையென்றால் மூன்று கட்டம்.

நீ மறந்தது ஒன்றுதான். குண்டு விழுகிற கட்டத்தோடு நிற்காது, சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தையும் சேர்த்துத்தான் வெடிக்கும். ஒரு கட்டம் விலகி விழுந்தாலும் உன் ஆள் அதற்குள்தான் நிற்கிறான். நேராக விழ இரண்டு, கொஞ்சம் விலகி விழ நான்கு. பத்துக்கு ஆறு, மச்சினா. இரண்டு அல்ல.

புதன்கிழமை எண் 43இல் முடிந்தது. கிழக்கே ஒரு கட்டம். பாலத்தில் உன் ஆட்கள் நான்கு பேர் சாய்ந்தார்கள்.

பலகையை இப்போது சாப்பாட்டு மேசையிலேயே விரித்து வைத்திருக்கிறேன், இரண்டு படையும் நன்றாகத் தெரிகிறது. போனில் ஆடலாமே என்று மறுபடியும் கேட்காதே. போனில் என்றால் நான் சுட்ட பிறகு "அத்தான், அத்தான், இத மட்டும் மாத்திக்கிடுதேன்" என்பாய். தபாலில் போட்டதை மாற்ற முடியாது.

மழையில் நனையாமல் இரு.

அன்புடன்,
வினீத்


வடசேரி, நாகர்கோவில்
15-6-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாலு பேரைக் கொன்றுவிட்டு மாத்திரை விசாரிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அப்பாவுக்கு முட்டு வலிக்கிறது, ஆனாலும் நடை நிற்கவில்லை. அம்மா மாத்திரை போடுகிறாள், அதன் மேல் பாயசமும் குடிக்கிறாள். நான் சுகம்.

பத்துக்கு ஆறு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த சந்தேகம். குறிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறவனுக்கு எவ்வளவு? குண்டு நேராக விழுந்தால் அவனும் போவான், அது நூற்றுக்கு இருபது. ஒரு கட்டம் விலகினால் எட்டுத் திசையில் ஐந்து திசை அவனைத் தொடுகிறது, அது இருபத்தைந்து. மொத்தம் நாற்பத்தைந்து வருகிறது. அவனை யாரும் குறி வைக்கவே இல்லை, பாவம், பக்கத்தில் நின்றதற்கு இவ்வளவா? சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள இரண்டு பேரையும் வடக்கே இழுத்துவிட்டேன். அக்காவின் நகப்பூச்சைத் திருடிச் சிவப்புச் சட்டை அடித்தேனே, அவர்கள்தான்.

இன்னொன்று. சாப்பாட்டு மேசையில் ஒரு கறிவேப்பிலை கிடந்தாலே சாமி ஆடுகிறவள் எங்கள் அக்கா. அதில் பிளைவுட் பலகையை எப்படி அத்தான் விரித்தீர்கள்? அம்மா போன் செய்தாலும் "நல்லா இருக்கேன், பொறவு பேசுகேன்" என்று வைத்துவிடுகிறாளாம். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜலதோஷமா, சண்டையா? எதுவானாலும் எழுதுங்கள்.

உங்கள் மச்சினன்,
நம்பி


கழக்கூட்டம்
3-7-2024

அன்புள்ள நம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் நலம். ஆபீசில் வேலை அதிகம்.

நாற்பத்தைந்து சரி. இரண்டு கட்டம் தள்ளி நிற்பவனுக்கு இருபது. மூன்று கட்டம் தள்ளி நிற்பவனுக்கு ஐந்து, நான்கு கட்டத்துக்கும் அதே ஐந்துதான், ஏனென்றால் தூர விலகுகிற குண்டு அங்கேதான் போய் விழும். எல்லாக் கட்டத்தையும் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான்கு கட்டத்துக்குள் நிற்கிற யாருக்கும் பூஜ்யம் கிடையாது. ஐந்தாவது கட்டத்துக்குப் போனால்தான் நிம்மதி. ஆகவே ஆட்களைப் பரப்பி நிறுத்து.

என் குதிரைப் படை மூன்று கட்டம் மேற்கே வருகிறது. அடுத்த குண்டு உன் வடக்கு மேட்டுக்கு, இருபத்தைந்தாம் தேதி எண்ணுக்கு.

உன் அக்கா உங்களோடு பேசுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வினீத்


வடசேரி
22-7-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலமாக இல்லை. வீட்டில் யாரும் நலமாக இல்லை.

வியாழக்கிழமை அக்கா இரண்டு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "நான் இனி அங்க போகப்போறதில்ல. அவ்வோ மேல ஒரு குத்தமும் சொல்லமாட்டேன், என்னைக் கேக்காதுங்கோ" என்றாள். அவ்வளவுதான். அறைக்குள் போய்விட்டாள். அப்பா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறார். அம்மா தெருவில் எல்லாரிடமும் "ஆடிக்கு வந்திருக்கா" என்கிறாள். கல்யாணம் ஆகி மூன்று வருடம் கழித்து ஆடிக்கு வருகிற பெண்ணை இந்தத் தெரு இப்போதுதான் பார்க்கிறது.

ஜூன் மாதமே உங்களுக்குத் தெரியும். பலகையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோதே, பலகை இருந்த அறைக்கு அவள் மாறிக்கொண்டுவிட்டாள், இல்லையா? நீங்கள் எனக்கு இருபது, ஐந்து என்று கட்டம் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் வருகிறது அத்தான்.

அழுகையும் வருகிறது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்கு ஓட, மாப்பிள்ளைக் கோலத்தில் நீங்கள் என்னிடம் வந்து "உனக்குக் கணக்கு வருமாமே, பீரங்கி விளையாட்டு ஆடுவோமா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு நீங்கள்தான். இனி உங்களை நான் என்னவென்று கூப்பிட? அக்கா கணவன் என்றால் அத்தான். அக்கா வந்துவிட்டால்? பக்கத்துக் கட்டத்துக்காரனுக்கு நாற்பத்தைந்து என்று நான்தான் கணக்குப் போட்டேன். எனக்கே போட்டுக்கொண்டேன் போல.

பதில் எழுதுங்கள்.

நம்பி


கழக்கூட்டம்
27-7-2024

அன்புள்ள நம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தை சாப்பிடுகிறார்களா? பக்கத்தில் இரு.

நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அவளே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அவள் மீது தப்பு எதுவும் இல்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறாய், அதற்கும் தெரியவில்லை.

உனக்கு மனது இருந்தால் ஆட்டத்தை விடவேண்டாம். லாட்டரி முடிவைப் பத்திரிகையிலிருந்து வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். வியாழன் எண் 90இல் முடிந்தது, பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன் பார். இந்த முறை நேராகவே அடித்துவிட்டது, மச்சினா! அடுத்த வாரமும் இப்படி அடித்தால் மொத்தமும் காலி.

வினீத்


வடசேரி
7-8-2024

மதிப்பிற்குரிய திரு. வினீத் அவர்களுக்கு,

தாங்கள் 27-7-2024 அன்று அனுப்பிய கடிதமும் லாட்டரி முடிவுத் துணுக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர் திரு. திரவியம் அவர்களின் பார்வைக்கு வந்தன. இனி மேற்படி முகவரிக்கு லாட்டரி சம்பந்தமான எதையும், வேறு கடிதம் எதையும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவை பெரியவர்கள் முன்னிலையில் பேசிக்கொள்ளப்படும்.

இப்படிக்கு,
தி. அழகியநம்பி


மே/பா. சிபி மொபைல்ஸ், நாகர்கோவில்
9-8-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று முன்தினம் அனுப்பிய கடிதம் நான் எழுதியதல்ல, அப்பா சொல்லச் சொல்ல என் கை எழுதியது. சாப்பிட்டீர்களா என்றுகூட அதில் கேட்கவில்லை, அதற்காக இப்போது கேட்கிறேன். இனி சிபியின் கடை முகவரிக்கு எழுதுங்கள். கூடப் படித்தவன், பிரித்துப் பார்க்க மாட்டான்.

நடந்தது இதுதான். தபால்காரர் கடிதத்தை அப்பா கையில் கொடுத்தார். பிரித்ததும் லாட்டரித் துணுக்கு விழுந்தது. கூடவே "அடித்துவிட்டது மச்சினா", "அடுத்த வாரமும் அடித்தால் மொத்தமும் காலி". குண்டு அடித்ததைச் சொன்னீர்கள், அப்பா லாட்டரி அடித்ததாகப் படித்தார். பழைய கடிதங்களையும் என் அலமாரியிலிருந்து எடுத்தார். எல்லாவற்றிலும் லாட்டரி எண்.

"லே, இங்கயிருந்து களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போயி சம்பளத்த அப்பிடியே சீட்டுல வுட்டவனுவள நான் பாத்திருக்கேன். எம்பொண்ணு வாயத் தொறக்காம அழுததுக்கு இதுதானா காரணம்? உன்னையும் இழுத்து வுட்டுருக்கானே!" என்று கத்தினார். பீரங்கி, பகடை, பொம்மை என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகிவிட்டது. "பகடையும் உண்டா?" என்று கேட்டார்.

ஆடி கழியட்டும் என்று ஆவணி முதல் ஞாயிறு திருவனந்தபுரம் சாலை பஜார் பக்கம் உங்கள் அப்பா வீட்டில் பேச்சு வைத்திருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போகமாட்டார்களாம். நீங்களே பலகையையும் பொம்மைகளையும் எடுத்துப்போய்ச் சபையில் காட்டிவிடுங்கள். ஒரு சீட்டுக்கூட வாங்காத ஆள் நீங்கள். எனக்குத் தெரியும். உங்கள் பெயர் இப்படிக் கெடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் மச்சினன்,
நம்பி


கழக்கூட்டம்
20-8-2024

அன்புள்ள நம்பிக்கு,

இரண்டு நேரம் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ கவலைப்படாதே.

பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கமும் பெரியவர்கள். மாமா என்னைப் பார்த்து, "வினீத், நேரா கேக்கேன். லாட்டரி உண்டா, இல்லியா?" என்றார். நான் உண்டு என்று தலையை ஆட்டினேன். எங்கள் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பிரிந்துகொள்வது என்று முடிவாகிவிட்டது.

நீ துள்ளாதே, கணக்கைக் கேள். லாட்டரி இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, "பிறகு எதற்கு அவள் வந்தாள்?" அது அவளைப் பார்த்து வரும். உங்கள் தெரு கேட்கும், சித்தி பெரியம்மா எல்லாரும் குடைவார்கள். இப்போது காரணம் என் மேல் விழுந்துவிட்டது, அவள் ஐந்தாவது கட்டத்தில் நிற்கிறாள். தவறி விழுந்த குண்டுதான், ஆனாலும் விழுந்த இடம் நல்லது. நீயும் வாயைத் திறக்காதே. இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

ஆபீசில் ஜினு, "எந்தா சாரே, லாட்டரி நோக்குந்நில்லே?" என்று கேட்கிறான், இப்போதெல்லாம் லாட்டரி பார்ப்பதில்லையா என்று. கேண்டீனில் பத்திரிகை பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வினீத்


வடசேரி
1-9-2024

வினீத்துக்கு,

கிருஷ்ணவேணி எழுதுகிறேன். என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, பெயரையே போட்டுவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு வழக்கமாக வருகிற தலைவலி வரவில்லையே?

உங்கள் கடிதத்தை நம்பி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். வாயைத் திறக்காதே என்றுதானே சொன்னீர்கள், அவன் திறக்கவில்லை. நீட்டினான், அவ்வளவுதான்.

படித்ததும் எனக்கு உங்கள் மேல் இரக்கம் வரும் என்று நினைத்திருப்பீர்கள். வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. என்னைக் கேட்காமல் எனக்கு நல்லது என்று மறுபடியும் நீங்களே முடிவுசெய்துவிட்டீர்கள். இதற்காகத்தானே நான் வந்தேன்?

பிப்ரவரியில் அந்த டாக்டரம்மா நமக்குக் குழந்தை நிற்க எவ்வளவு வாய்ப்பு என்று உங்களிடம் தனியாகச் சொன்னார். நீங்கள் வெளியே வந்து, "எல்லாம் நார்மல், பொறுமையா இருக்கச் சொன்னாங்க" என்றீர்கள். நான் விரதம் இருந்தேன், வேலையை விட்டேன், அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லி ஆசைகாட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மே மாதம் நான் தனியாகப் போனபோது, "ஹஸ்பெண்டினோடு பறஞ்ஞதாணல்லோ" என்றார் அவர், கணவரிடம் அப்போதே சொல்லிவிட்டேனே என்று. நூற்றுக்கு மூன்று என்று அவர் வாயால் கேட்டேன்.

எண் எனக்குப் பெரிதில்லை. என் தம்பிக்குப் பத்துக்கு ஆறு, நூற்றுக்கு நாற்பத்தைந்து என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். பொம்மை சாகிறதா இல்லையா என்பதற்கு அவ்வளவு கணக்கு. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு எண். அதை எனக்குச் சொல்லவில்லை. என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் நடுவில் நின்றால் எனக்கு வலிக்காது என்று நினைத்தீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்கத்தானே நான் கல்யாணம் செய்துகொண்டேன்?

நேற்று அப்பா சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ்வோ ஒரு லாட்டரிச் சீட்டும் வாங்கியதில்லை, நான் வந்தது என் முடிவு, இதுதான் காரணம் என்றேன். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். இனி தெரு என்னைக் கேட்கட்டும். எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

நான் திரும்பி வரமாட்டேன். ஆனால் உங்கள் மேல் பொய்ப் பழி இருக்க விடமாட்டேன்.

வேணி


கழக்கூட்டம்
10-9-2024

வேணிக்கு,

தலைவலி வருகிறது. உன்னிடம் இல்லை என்று சொல்லப் பார்த்தேன், அடித்துவிட்டு எழுதுகிறேன். வருகிறது.

அந்த எண்ணைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. நீ தாங்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கமாட்டாதவன் நான்தான். நீ அழுதால் கூட உட்கார்ந்து அழ எனக்குத் தெரியவில்லை, அதனால் அழ விடாமல் பார்த்துக்கொண்டேன். நீ போனது எனக்கு ரொம்ப வலிக்கிறது. மாமா லாட்டரி என்று கேட்டபோது கோபம் வந்தது. தியாகம் ஒன்றும் இல்லை, சண்டை போட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீ வரமாட்டாய் என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சரி. அதை மாற்றச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம்பி ஆடியில் எழுதிய கடிதத்தில், இனி உங்களை என்னவென்று கூப்பிட என்று கேட்டிருந்தான். முன்பென்றால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நானே நினைத்து, பெயர் சொல்லியே கூப்பிடு என்று எழுதி முடித்திருப்பேன். இப்போது அப்படிச் செய்யவில்லை. அவன் என்னை அத்தான் என்றே கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. எனக்கு அவன் வேண்டும். உனக்குச் சம்மதமா? இல்லை என்றால் இல்லை என்று எழுது, அதையும் கேட்டுக்கொள்வேன்.

வினீத்


வடசேரி, நாகர்கோவில்
18-9-2024

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா சாப்பிடுகிறாள். பழைய ஆபீசில் மறுபடியும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம், திங்கள் முதல் வீட்டிலிருந்தே வேலை. அம்மாவும் சுகம். இப்போது தெருவில் யாராவது கேட்டால் அம்மா, "அவகிட்டயே கேளுங்கோ" என்று உள்ளே கையைக் காட்டுகிறாள்.

உங்கள் கடிதத்தை அக்கா அடுக்களையில் நின்றபடியே படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு நீட்டினாள். "பாத்தியா, 'உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டிருக்காவ. இத்தன வருசத்துல இப்பந்தான் கேக்காவ" என்றாள். நான் கேட்டேன், "அப்பம் நீ போவியாக்கா?" என்று. "இல்லடே" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் பக்கத்தில் நின்று அழுதேன்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாலியத்தான் நான் களட்டினேன். உன் அத்தான உங்கிட்டயிருந்து புடுங்கவா வந்தேன்? அத்தான்னே எழுது."

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். இந்த முறை தபால் வேண்டாம், நேரில் உட்கார்ந்து ஆடுவோம். அப்பாவிடம் திருவனந்தபுரம் போகிறேன் என்று சொன்னேன். பத்திரிகையை இறக்காமலே, "யார் வீட்டுக்கு?" என்று கேட்டார். "அத்தான் வீட்டுக்கு" என்றேன். அவர் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் கடைக்குப் போகச் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"போகும்போது வெறுங்கையோட போகாத. ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிட்டுப் போ. அவனுக்கு அது பிடிக்கும்."

உங்கள் மச்சினன்,
நம்பி